ஆட்டரி ஃபோர்செப்ஸ் மாறி வந்தது தொடர்பான முறைப்பாடு

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

திருகோணமலை உவர்மலையில் பல் கிளினிக் நடத்துகிறேன். போன மாதம் உங்களிடம் ஓடர் செய்தது 12.5 சென்ரிமீற்றர் வளைந்த மொஸ்கிற்றோ ஃபோர்செப்ஸ் (சிறு இரத்த நாளங்களைக் கவ்வும் மெல்லிய ஆட்டரி ஃபோர்செப்ஸ்) நான்கு, தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர் ஒன்று. கூரியரில் வந்ததோ 14 சென்ரிமீற்றர் நேரான கெல்லி நான்கு, அதாவது அதைவிடத் தடித்த வேறொரு வகை ஆட்டரி ஃபோர்செப்ஸ். நீடில் ஹோல்டரைக் காணவே இல்லை. பற்றுச்சீட்டில் மட்டும் அதன் விலை இருக்கிறது.

உங்கள் விற்பனைப் பிரதிநிதிக்கு ஃபோன் எடுத்தால், "எல்லாம் ஒன்றுதான் டொக்டர், இதாலேயே தையலும் போடலாம்" என்கிறார். இதைப் பல் வைத்தியரிடமே சொல்கிறார், பாருங்கள்.

கடைவாய்க்குப் பின்னால் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இரத்தம் கசிகிற ஒரு சிறு நாளத்தைக் கவ்வ வேண்டும். ஞானப்பல் எடுத்த குழிக்குள் கிடக்கும் எலும்புத் துணுக்கை எடுக்க வேண்டும். அதற்கு மெல்லிய, வளைந்த நுனி தேவை. மொஸ்கிற்றோவின் வாயில் குறுக்கு வரிகள் முழு நீளத்துக்கும் ஓடும். கெல்லியில் முன்பாதிக்கு மட்டும்தான். அதன் தடித்த வாயை உள்ளே விட்டால் நான் பார்க்க வேண்டிய இடத்தையே அது மறைத்துவிடும். தையல் கதை இன்னும் மோசம். ஊசி உருளக்கூடாது என்றுதான் நீடில் ஹோல்டரின் வாயைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருப்பார்கள். ஆட்டரி ஃபோர்செப்ஸால் ஊசியைப் பிடித்தால் ஊசி சுழலும், நாளடைவில் ஃபோர்செப்ஸின் நுனியும் கோணிப்போகும்.

சரி, வகைதான் மாறிவிட்டது, தரமாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றை மெல்ல மூடி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், முதலில் தொட வேண்டிய நுனிகளுக்கிடையே வெளிச்சம் தெரிகிறது. இன்னொன்றைக் கைப்பிடிப் பூட்டின் முதல் பல்லில் லொக் செய்து உள்ளங்கையில் தட்டினேன், படக்கென்று திறந்துகொண்டது. நாளத்தைப் பிடித்திருக்கும்போது இப்படித் திறந்தால் என்ன ஆகும்?

சோதிக்க ஒன்றை மட்டும், நீராவியால் கிருமி நீக்கும் ஒட்டோகிளேவில் 134 பாகையில் வைத்து எடுத்தேன். மூட்டில் செம்மண் நிறப் புள்ளிகள். அதற்கும் உங்கள் பிரதிநிதியிடம் பதில் தயார்: "திருகோணமலை உப்புத் தண்ணீர், டொக்டர்." நாங்கள் ஊற்றுவது காய்ச்சி வடித்த நீர். அதே தட்டில் வைத்த என் பழைய ஃபோர்செப்ஸ்களில் ஒரு புள்ளி இல்லை. வெறும் கறை என்றால் அழிறப்பரால் தேய்த்தால் போய்விடும். இதைத் தேய்த்த இடத்தில் சின்னக் குழிகள் தெரிகின்றன. இது துரு.

நான்கையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, ஓடர் செய்தவற்றை அனுப்புங்கள். கையிருப்பில் இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அனுப்பும் பொருள் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவானதா என்பதையும் பற்றுச்சீட்டோடு காட்டுங்கள். இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், படங்களோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுவேன். அந்தப் பிரதிநிதியை மட்டும் மறுபடி பேசச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பல் வைத்தியர்,
உவர்மலை, திருகோணமலை