அந்த ‘அநுதினமும்’

என் அன்புத் தோழிக்கு, ஸ்தோத்திரம்.

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் எழுத உக்காரவே முடியல, கோவிச்சுக்காத. அத்தைக்கு வலது பக்கம் இழுத்துக்கிட்டு ஆறு மாசம் ஆகப் போகுது, பேச்சு கொஞ்சம் திரும்பிருச்சு, கை இன்னும் வரல. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அவங்களைத் துடைச்சு விட்டு, விரிப்பு மாத்தி, முதுகுல புண்ணு வந்திரக் கூடாதுன்னு திருப்பிப் படுக்க வச்சு, அப்புறம் பிள்ளைங்களுக்கு டிபன், இவருக்குச் சாப்பாடுன்னு பாதி நாள் போயிரும்.

காலேஜ் கேம்ப்ல ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே எந்திரிச்சு நின்னு ஒப்புக்கொடுத்தோமே, அதெல்லாம் என்ன ஆச்சுன்னு கேட்டிருந்த. வடநாட்டுக்கு மிஷனரியாப் போவோம்னுதான அன்னைக்கு நெனச்சோம். நானும் ரொம்ப வருஷம் அந்த ‘ஒரு நாளு’க்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

போன வாரம் லூக்கா 9 வாசிச்சேன். ‘தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்’னு இயேசு சொல்ற 23ஆம் வசனம் நமக்கு மனப்பாடம்தான், ஆனா மத்தேயு 16லயும் மாற்கு 8லயும் இதே வசனத்தை எடுத்துப் பாரு, ‘அநுதினமும்’ங்கிற வார்த்தை அங்க இல்ல, லூக்கா மட்டும்தான் எழுதிருக்கார். இத்தனை வருஷம் என் கண்ணுல படவே இல்ல பிள்ள.

இன்னொண்ணு, யாருக்காவது சீக்கு வந்தா ‘கர்த்தர் குடுத்த சிலுவை’ம்பாங்க, என்கிட்டயும் சொல்றாங்க. எனக்கு அது சரியாப் படல. வசனத்துல ‘எடுத்துக்கொண்டு’ன்னுதான இருக்கு, சீக்கு யாரும் எடுத்தது இல்லையே, தானா வந்தது. அத்தை என் சிலுவை இல்ல. ராத்திரி நாலாவது தடவை கூப்பிடும்போது வாய்க்கு வர்ற வார்த்தையை முழுங்கிட்டு ‘வர்றேன் அத்தை’ன்னு எந்திரிக்கணும் பாரு, அதைத்தான் நான் எடுக்கணும். போன செவ்வாக்கிழமை எடுக்கல, கத்திட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லாம முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. விடிஞ்சதும் மன்னிப்பு கேட்டேன். முந்தின நாள் பொறுமையா இருந்தது மறுநாளைக்கு உதவல பாரு, வனாந்தரத்துல இஸ்ரவேலருக்கு வானத்துல இருந்து அன்னன்னைக்கு விழுந்த மன்னா மாதிரிதான், எடுத்து வச்சா புழு வச்சிருது.

சண்டே ஸ்கூல்ல டோனாவூர் கூட்டிட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? அங்க ஊழியம் செஞ்ச மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மா பிள்ளைங்களைக் காப்பாத்துன கதையைத்தான் நமக்குச் சொன்னாங்க. 1931ல கீழ விழுந்ததுக்கப்புறம் 1951ல இறக்குற வரைக்கும் அநேகமா அந்த ரூமுக்குள்ளயேதான் இருந்திருக்காங்க, படுக்கைல இருந்துக்கிட்டே புஸ்தகம் புஸ்தகமா எழுதிருக்காங்க. இப்போ எனக்கு அந்த இருபது வருஷம்தான் பெருசாத் தெரியுது. அந்த ரூமுக்குள்ள தினமும் தண்ணியும் துணியும் கொண்டு போனவங்க யாரோ, அவங்களையும் நெனச்சுக்கிறேன்.

கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிற பழக்கம் அத்தை இன்னும் விடல. உலை வைக்கிறதுக்கு முன்னாடி அரிசிப் பானையைக் கட்டில்கிட்ட கொண்டு போகணும், இடது கையால ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்துட்டு ஆலயத்துக்கு வச்சிருக்கிற டப்பால போடுவாங்க, பாதி விரிப்புல சிந்திரும். முன்னெல்லாம் எரிச்சலா வரும், இப்போ பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் போடுறேன்.

அடுத்த மாசம் ஆலயத்துல அசன விருந்து வருது, கண்டிப்பா வா. பாட்டுப் புஸ்தகத்தையும் எடுத்துட்டு வா, அத்தைக்கு உன் குரல்ல கீர்த்தனை கேக்கணுமாம், நேத்துக்கூடக் கேட்டாங்க.

உன் தோழி