கிளினிக்கில் வாயையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஈறு நோயை உண்டாக்கும் பாக்டீரியா அல்சைமர் என்ற மறதி நோய் வந்தவர்களின் மூளையிலும் இருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. அதுதான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. மறதி வந்தவர் பல் துலக்காமல் விடுவதால் வாய் கெடுவதும் உண்டு. எப்படியானாலும் அவதி முதியவருக்கே. எங்கள் அம்மம்மா பல்செட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பார். ஈறு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிடுவார். களுதாவளை வெற்றிலை போட்டே பழகிய வாய் வேறு!

மட்டக்களப்பு கிளினிக்குகளில் பிரஷரும் சீனியும் பார்க்கும் அன்றே முதியவர்களின் ஈறையும் பொய்ப்பல்லையும் பார்த்தால் என்ன? படுக்கையில் இருப்பவருக்குப் பல் துலக்கிவிடும் முறையையும் தாதியர் வீட்டாருக்குக் காட்டித் தரலாம்.

வாசகி,
களுவாஞ்சிகுடி.