வெர்சாய் போகும் அத்தைக்கும் மாமாவுக்கும் வழி

பாரிஸ்
ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்கள், அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க மீனாட்சி துணை. அப்பாவின் கடிதம் வந்து சேர்ந்தது. இத்தனை நாள் எழுதாததற்கு வேலைதான் காரணம். உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மா கவலைப்பட வேண்டாம்.

சின்னத்தையும் மாமாவும் செப்டம்பரில் சுற்றுலாக் குழுவோடு வருவதாக எழுதியிருந்தீர்கள். பாரிசில் அவர்களுக்குப் புதன்கிழமை முழுவதும் ஓய்வாம், அன்றைக்கு வெர்சாய் அரண்மனையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருக்கிறார்களாம். நானே கூட்டிப் போக வேண்டியது. புதன்கிழமை எனக்கு லீவு இல்லை, முதலாளியிடம் இப்போது கேட்கிற மாதிரியும் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு ஹோட்டலுக்கு வந்து இருவரையும் பார்த்துவிடுகிறேன். டாக்சியெல்லாம் வேண்டாம், ரயிலிலேயே பத்திரமாகப் போய் வரலாம். மாமாவுக்கு எதுவும் காகிதத்தில் இருந்தால்தான் திருப்தி. அதனால் விவரமாகவே எழுதுகிறேன், இந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அவரிடம் கொடுங்கள்.

புதன்கிழமையாக அமைந்தது நல்லதுதான். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை பாரிசில் லூவ்ர் மியூசியம் மூடியிருக்கும், அங்கே போக வேண்டிய கூட்டமும் சேர்ந்து வெர்சாய்க்கு வந்துவிடும். சனி, ஞாயிறு சொல்லவே வேண்டாம். நுழைவு டிக்கெட்டை அண்ணன் இப்போதே அரண்மனையின் சொந்த இணையதளத்தில் எடுத்துவிடட்டும், இடைத்தரகர் தளங்களில் வேண்டாம். ‘பாஸ்போர்ட்’ என்று பெயர் போட்ட டிக்கெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். அரண்மனை, தோட்டம், த்ரியானோன் மாளிகைகள் எல்லாம் அதில் அடங்கும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை தோட்டத்தில் இசை போடும் நாட்களில் தோட்டத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு, இந்த டிக்கெட் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. நேரம் கேட்கும் இடத்தில் காலை 9 மணியைப் போடட்டும். பத்தரைக்கு மேல் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள்.

இனி ரயில். குழு தங்கும் ஹோட்டல் காரே து நோர் ஸ்டேஷன் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள், நல்ல இடம். ஸ்டேஷனுக்குள் போய் ஆளுக்கொரு நாவிகோ ஈசி அட்டை வாங்க வேண்டும். ஒரே அட்டையை இருவரும் தட்டிக்கொண்டு போக முடியாது. அட்டை 2 யூரோ. அதில் ‘மெத்ரோ, ரயில், ஆர்.இ.ஆர்.’ டிக்கெட் இரண்டு ஏற்ற வேண்டும், ஒன்று போக, ஒன்று வர. ஆர்.இ.ஆர். என்பது புறநகர் வரை ஓடும் ரயில். இந்த 2025இல் ஒரு டிக்கெட் 2.50 யூரோ, ஆக ஆளுக்கு 7 யூரோவில் காரியம் முடிந்தது. போன வருடம் வரை வெர்சாய்க்குத் தனி டிக்கெட், விலையும் கூடுதல். ஊருக்குள் போகும் டிக்கெட்டோடு ஏறியவர்கள் போய் இறங்குமிடத்தில் அபராதம் கட்டினார்கள். 2025 ஜனவரியிலிருந்து பாரிசைச் சுற்றி எங்கே போனாலும் ஒரே விலை. விமான நிலையத்துக்கு மட்டும் இந்த டிக்கெட் செல்லாது. திரும்பி வரும் டிக்கெட்டையும் காலையிலேயே ஏற்றிவிடச் சொல்லுங்கள், சாயங்காலம் வெர்சாய் ஸ்டேஷனில் மெஷின் முன்னால் பெரிய வரிசை நிற்கும். இறங்கும் இடத்திலும் அட்டையைத் தட்டினால்தான் கேட் திறக்கும், அதனால் உள்ளே போனதும் பெட்டியின் அடியில் போட்டு வைக்க வேண்டாம்.

காரே து நோரில் ஆர்.இ.ஆர். ரயிலின் நீல நிற ‘பி’ வழித்தடம், தெற்கே போகும் ரயில். இரண்டாவது நிறுத்தம் சான் மிஷேல். அங்கே இறங்கி, மஞ்சள் நிற ‘சி’ எழுத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நடை கொஞ்சம் நீளம், படிகளும் உண்டு. அத்தைக்கு முழங்கால் வலி என்பதால் அவசரப்பட வேண்டாம், ஒரு ரயில் போனால் இன்னொன்று வரும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த ‘சி’ தடத்தில்தான். ஒரே பிளாட்பாரத்தில் மூன்று ஊர் ரயில் வரும். ஒன்று அரண்மனைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுவது, அந்த ஸ்டேஷன் பெயர் வெர்சாய் ஷாத்தோ ரிவ் கோஷ். இன்னொன்று சான் கான்தான் போவது. மூன்றாவது, ஈபிள் கோபுரம் தாண்டியதும் வடக்கே பிரிந்து போந்துவாஸ் பக்கம் போய்விடும். ரயிலின் நெற்றியிலும் பிளாட்பாரப் பலகையிலும் நான்கு எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதன் முதல் எழுத்து ‘வி’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். ‘எஸ்’ என்று தொடங்கும் ரயிலில் ஏறிவிட்டாலும் பயமில்லை, அது வெர்சாய் ஷான்தியே என்ற ஸ்டேஷனில் நிற்கும். அங்கிருந்து அரண்மனைக்கு இருபது நிமிட நடை. போந்துவாஸ் ரயில் என்று தெரிந்தால் மட்டும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி எதிர்ப் பிளாட்பாரத்துக்கு மாறிவிட வேண்டும். இந்தப் பெயர்களை எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் பெரிதாக ஒரு தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மாமா பலகையையும் தாளையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ரயில் மாடி வைத்தது. சில ரயில் நீளமாக வரும், சில பாதி நீளம்தான். பிளாட்பாரத்தின் கோடியில் நின்றால் குட்டை ரயிலுக்கு ஓட வேண்டிவரும், அதனால் நடுவிலேயே நிற்கட்டும். சான் மிஷேலிலிருந்து நாற்பது நிமிடம் போல ஆகும். அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். ஈபிள் கோபுர நிறுத்தத்தில் ஏறி இறங்கும் நெரிசலில்தான் பர்ஸ் போகும். போர்ஷ்ஃபோன்தேன் என்ற நிறுத்தம் வந்தால் எழுந்து தயாராகலாம், அடுத்தது கடைசி ஸ்டேஷன்.

எனக்குப் பக்கத்து அறையில் இருக்கும் பெரியவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். வெர்சாய் ரயிலைப் பற்றி நான் ஒரு நாள் கேட்டதிலிருந்து துண்டுச் சீட்டில் சிவப்பு மையால் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறார். எந்த வாரம் தண்டவாள வேலை, எந்த நாளில் வேலைநிறுத்தம் என்று அறிவித்திருக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். கோடையில் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை ‘சி’ தடத்தை ஊருக்குள் மூடி வேலை பார்ப்பது வழக்கம், அத்தை வருவதற்குள் அது முடிந்துவிடும். ராத்திரி வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் முதலில் தரையில் சீட்டு கிடக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

அப்படியே ‘சி’ ஓடாவிட்டால் மோன்பர்னாஸ் ஸ்டேஷனுக்குப் போய் ‘என்’ ரயிலைப் பிடிக்க வேண்டும், அது ஷான்தியேயில் விடும். அதே டிக்கெட்தான். பஸ்ஸும் ஒன்று உண்டு. ஒன்பதாம் எண் மெத்ரோவின் கடைசி நிறுத்தமான போன் து செவ்ரில் 171ஆம் எண் பஸ் ஏறினால் அரண்மனை வாசலிலேயே இறங்கலாம், நடையே இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு, இந்த 2025இல் 2 யூரோ விலையில், தனி டிக்கெட், மெத்ரோ டிக்கெட் அதில் செல்லாது. அத்தையின் முழங்காலை நினைத்தால் திரும்பும்போது அதுவே மேல் என்று எனக்குப் படுகிறது. ரயிலில்தான் திரும்புவது என்றால் ரிவ் கோஷில் நிற்கும் எந்த ரயிலிலும் ஏறலாம். அது கடைசி ஸ்டேஷன், எல்லா ரயிலும் பாரிசுக்குத்தான் போகும்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து வலப்பக்கம் நடந்து, பெரிய சாலை வந்ததும் இடப்பக்கம் திரும்பினால் நேர் எதிரே அரண்மனை. பத்து நிமிட நடை. முன்முற்றம் முழுக்கக் கருங்கல் பாவியது, மேடு பள்ளம் அதிகம், அத்தை செருப்பு வேண்டாம், ஷூ போடட்டும். டிக்கெட்டில் நேரம் இருந்தாலும் பை சோதனைக்கு ஒரு வரிசை நிற்கத்தான் வேண்டும். ‘ஏ’ வாசல் வழியாக உள்ளே போனதும் முதல் வேலையாகக் கழிப்பறைக்குப் போய்விடச் சொல்லுங்கள். அறைகள் ஒருவழிப் பாதை, நடுவில் திரும்பி வருவது பெரும்பாடு.

கண்ணாடி மண்டபத்தை அத்தை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 73 மீட்டர் நீளம். ஒரு பக்கம் தோட்டத்தைப் பார்த்த 17 ஜன்னல், அதற்கு எதிரே 17 வளைவு, அவற்றில் 357 கண்ணாடி. 1919இல் முதல் உலகப் போரை முடித்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது இங்கேதான். மாமா வரலாற்று வாத்தியாராக இருந்தவர், இதையெல்லாம் அவரே அத்தைக்குச் சொல்லிவிடுவார். ஒரு கணக்கை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். பதின்மூன்றாம் லூயி வேட்டைக்குப் போனால் தங்க வெர்சாயில் சின்னதாக ஒரு வீடு கட்ட ஆரம்பித்தது 1623. நம் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்ததும் அதே 1623. நாயக்கர் 1636இல் மகாலைக் கட்டி முடித்து, 1659இல் காலமும் ஆகிவிட்டார். பதினான்காம் லூயி அந்த வேட்டை வீட்டைப் பெரிய அரண்மனையாக்கி, சபையோடு குடிவந்தது 1682இல்தான். மதுரைக்காரர்கள் அங்கே போய் வாயைப் பிளக்க வேண்டியதில்லை அப்பா.

தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். வெர்சாய் மேட்டு நிலம், பக்கத்தில் ஆறு கிடையாது. சேன் ஆற்றில் 14 பெரிய சக்கரங்களை வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றிப் பார்த்தார்கள். அப்படியும் எல்லா நீரூற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடப் போதவில்லை. ராஜா எந்தப் பக்கம் நடந்து வருகிறாரோ அந்தப் பக்கத்து ஊற்றைத் திறக்க ஆட்கள் விசில் அடித்துச் சைகை காட்டிக்கொள்வார்களாம். நம் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு வைகைத் தண்ணீர் கால்வாயில் தானாக ஓடி வந்து நிறைந்தது. தெப்பத் திருவிழாவுக்கு இந்த வருடமும் நான் இல்லாமல் போனது.

த்ரியானோன் மாளிகைகள் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும், நடந்தால் தூரம். வடக்குப் பக்கத்திலிருந்து குட்டி ரயில் போல ஒரு வண்டி விடுகிறார்கள், அதற்குத் தனிக் காசு, ஆனாலும் அதில் போகட்டும். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் தோட்டத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட விட மாட்டார்கள். பெரிய கால்வாய்க்குப் பக்கத்துப் பூங்காவில் புல்லில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, விளக்குத்தூண் வழியாக மகாலுக்கு நடந்து போவோமே, அந்த நினைப்பு அடிக்கடி வருகிறது. துணிக்கடைகளுக்கு நடுவே பத்துத்தூண் மட்டும் நிற்பதைக் காட்டி, மகால் இதுவரைக்கும் இருந்ததுடா என்று அப்பா சொல்வீர்கள். மகாலுக்குள் நான் தூணைக் கட்டிப்பிடிக்க, மறுபக்கத்திலிருந்து அண்ணன் கையை நீட்டியும் விரல் எட்டாது. இங்கே ரயிலில் ஒரு மணி நேரம் போனாலும் “எந்த ஊருப்பா?” என்று ஒருத்தர் கேட்க மாட்டார். அத்தை வந்து நின்று, “ஏன்டா இப்படி இளைச்சிட்டே” என்று கேட்டால் போதும் எனக்கு.

கொடுத்துவிட வேண்டியதை அம்மாவுக்கு எழுதுகிறேன். குழம்புப் பொடி ஒரு கிலோ, சுண்டைக்காய் வற்றல், அப்பளம். பால்கோவா வேண்டவே வேண்டாம். பாலில் செய்தது எதையும் இந்த நாட்டுக்குள் விட மாட்டார்கள், சோதனையில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். லாச்சப்பல் பக்கம் நம்மவர்கள் கடைகளில் அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கிறது, சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு கடைக்கு வேலைக்கும் போகிறேன், சும்மா அறையில் இருப்பதற்குப் பதிலாக. இந்த மாதப் பணம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். பாங்கில் ஏதோ தாமதம், அவ்வளவுதான். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பீஸுக்கு அதுவரை அண்ணன் சமாளிக்கட்டும்.

கடிதத்தின் கடைசியில் அப்பா எழுதியதற்கு வருகிறேன். சோழவந்தான் வயல் இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. அத்தை விமானம் ஏறுவதற்குள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று அண்ணன் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை அப்பா. மகளுக்கும் சம பங்கு உண்டு, அத்தை இதுவரை வாய் திறந்து கேட்டதில்லை என்பதால் இல்லாமல் போய்விடாது. ஊருக்குப் போகும் சந்தோஷத்தில் இருக்கும்போது நீட்டினால் படிக்காமலே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நாளைக்கு அவர்கள் பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்வது?

முதலில் வாடிப்பட்டி தாலுகா ஆபீசில் தாத்தாவின் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போடுங்கள், அதில் அத்தை பெயரும் இருக்க வேண்டும். வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள். குத்தகை நெல்லில் இந்தப் போகத்திலிருந்து அத்தை பங்கை அளந்து தனியாக வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் திரும்பி வந்த பிறகு, மாமாவையும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து பேசலாம். அண்ணனிடம் நான் போனில் சொன்னால் சண்டையாகும், நீங்களே சொல்லுங்கள். என் பங்கைப் பற்றி இப்போது யாரும் யோசிக்க வேண்டாம்.

அத்தை வருகிற விமானம், தேதி, ஹோட்டல் பெயர் மூன்றையும் அண்ணன் உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்