டங்ஸ்டன்னா பல்பு மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அய்யா அவங்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழம இணைப்புல ராஜஸ்தான் டெகானா டங்ஸ்டன் சுரங்கத்தப் பத்தி வந்த கட்டுரைய முழுசாப் படிச்சனுங்க. பல்பு இழைக்கு ஆவற உலோகம், ஆளில்லாத பாலைவனத்துல கெடக்குது, நமக்கு அதனால ஒண்ணும் ஆவப்போறதில்லைன்னு முடிச்சிருக்கீங்க. நான் திருச்செங்கோட்டுல போர் வண்டி, அதாவது ஆழ்துளைக் கெணறு தோண்டற வண்டி, வெச்சிருக்கறவன். எங்க ஊரு வண்டி ஓடாத மாநிலம் இந்தியாவுல இருக்குதுங்களா, அது உங்களுக்குத் தெரியாததா?

பாறையக் கொடையற முனைய நாங்க பிட்டுன்னு சொல்லுவோம், அதோட முகத்துல பதிச்சிருக்கற குமிழாட்டம் பட்டனு பூராம் டங்ஸ்டன் கார்பைடுங்க. டங்ஸ்டன் கார்பைடு பவுடரக் கோபால்ட்டோட கலந்து, அழுத்தி, சூளையில வெச்சு எடுக்கறது. நம்ம பக்கத்துப் பாறைக்கு வெறும் இரும்பு நிக்காது. பட்டன் மழுங்கிப்போச்சுன்னா குழி ஆழம் எறங்காது, மேல வர்ற தூளு மாவாட்டம் வரும், கம்ப்ரஸர் பாட்டுக்கு டீசலக் குடிச்சிட்டு நிக்கும், காட்டுக்காரர் மொகத்தப் பார்க்க முடியாது, குழிக்குள்ள எறக்கின ராடு பூராம் உருவி பிட்டக் கழட்டி கிரைண்டிங் போட்டுத்தான் மறுபடி எறக்கோணும். பாறையில மோதற அந்த அடியத் தாங்கற பிட்டு ஸ்டீலுக்கு வலுவு குடுக்கறது மாலிப்டினம். கோயமுத்தூரு லேத்துப் பட்டறையில இரும்பு சீவித் தெனமும் தேயற டிப்பும் இதே கார்பைடுதானுங்க.

உலகத்துல எடுக்கற டங்ஸ்டன்ல அஞ்சுல நாலு பங்கு சீனாவுது. 2025 பிப்ரவரி 4-ந் தேதி டங்ஸ்டன், மாலிப்டினம் ரெண்டுக்குமே ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டாங்க. அதுக்கப்புறம் பிட்டு வெல ஏறுது, ஒரு அடி ஆழத்துக்கு இவ்வளவுன்னு நாங்க வாங்கற கூலி மட்டும் ஏறமாட்டேங்குது. தண்ணியில்லாம தவிக்கற விவசாயிகிட்ட எந்த வாயில ஏத்திக் கேக்கறதுங்க?

ஆளில்லாத பாலைவனம்னு வேற எழுதிட்டீங்க. டெகானா ரயில்வே ஜங்ஷனுங்க அய்யா! அந்த நாகௌர் ஜில்லாவுல நான் வண்டி ஓட்டியிருக்கேன், போர்ல வந்த உப்புத் தண்ணிய கையில ஏந்தி வாயில வெச்சுப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம நின்ன பொம்பளைங்கள நேர்ல பார்த்தவன் நானு. டெகானா சுரங்கம் இருக்கற ரேவத் மலையில வெள்ளக்காரன் முதல் உலகப்போர்க் காலத்துலயே தோண்டினான், நம்மாளுக 1990-கள்ல மூடிட்டாங்க. ஏன் மூடினாங்க, திரும்பத் தொறந்தா அந்த ஊருத் தண்ணி என்னாகும்னு ஒரு வரி எழுதியிருக்கலாமில்லீங்களா?

இது மட்டும் இல்லீங்க. மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியில டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம்னு நடந்த போராட்டத்தப்ப பக்கம் பக்கமா டங்ஸ்டன்னு போட்டீங்க. அந்த மக்க கேட்டது நியாயம், 2025 ஜனவரியில சுரங்க ஏலம் ரத்தானது எனக்கும் சந்தோசம். ஆனா அந்தச் சாமான் யாரு கைக்குப் போவுதுன்னு அன்னைக்கும் எழுதல. தருமபுரி அரூர் பக்கம் மாலிப்டினம் தாது கெடக்குது, அதப்பத்தியும் மூச்சு இல்ல. மூடாத குழியில கொழந்த விழுந்தா மட்டும் போர் வண்டிக்காரன் முதல் பக்கத்துக்கு வந்தர்றான். குழிய மூடாம வுட்ட நெலத்துக்காரர யாரும் கேக்கறதில்ல.

பல வருசமா உங்க பத்திரிகைக்குச் சந்தா கட்றவன், மரியாதையோடதான் கேக்கறனுங்க. வாரா வாரம் தங்கம், வெள்ளி, செம்பு வெல போடற எடத்துல டங்ஸ்டன் வெலயும் சேர்த்து ஒரு வரி போடுங்க. பல்பு இழைன்னு போட்டதுக்கும் திருத்தம் போட்டுருங்க.

இப்படிக்கு,
போர் வண்டி உரிமையாளர் ஒருவர்,
திருச்செங்கோடு.