இரவு விளக்குகளைப் பற்றிப் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் திங்கட்கிழமை முதல் பள்ளி மைதானத்து ஃபோகஸ் லைட்டுகள் இரவு எட்டரை மணிக்கு அணைக்கப்படும். வாசற்கதவு விளக்கும் கழிப்பறைப் பாதை விளக்கும் மட்டும் எரியும். அவற்றிலும் வெள்ளை பல்புகளை எடுத்துவிட்டு மஞ்சள் பல்புகளை மாட்டி, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி தகர மூடி போடுகிறோம். பள்ளி மேலாண்மைக் குழு கூடி எடுத்த முடிவு இது. ஏன் என்று உங்களில் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

மழை விட்ட மாலையில் ஈசல் விளக்கை மொய்ப்பதைப் பார்த்து, அது வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு வருகிறது என்றுதான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, விளக்கருகே பறக்கும் பூச்சிகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, 2024இல் வேறொரு காரணத்தைச் சொன்னது. இரவிலும் வானம் தரையைவிடச் சற்று வெளிச்சமாகவே இருக்கும். அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிப் பறந்தால் பூச்சி கவிழாது. பல்பு பக்கத்தில் வந்ததும் உடல் அதையே வானமாக எடுத்துக்கொண்டு முதுகை அதன் பக்கம் சாய்க்கிறது. பறக்கும் வழி வளைகிறது. திரும்பத் திரும்ப விளக்கையே சுற்றுகிறது. விளக்குக்கு நேர் மேலே போனால் மல்லாந்து விழுகிறது. பூச்சி அங்கே விரும்பி வரவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் படித்தபின் மைதானத்து விளக்கடியில் காலையில் பெருக்கி அள்ளும் இறகுக் குவியலை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

நிலக்கடலை போடுகிறவர்களுக்கு விளக்கின் பலம் நன்றாகவே தெரியும். முதல் மழைக்குப் பின் விளக்குப்பொறி வைத்தும் தீ மூட்டியும் சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சிகளை அழிக்கிறோம். சில இரவுகள் நாம் வேண்டுமென்றே செய்கிற அந்த வேலையை, விடிய விடிய எரியும் வாசல் விளக்கு ஆண்டு முழுவதும் எல்லாப் பூச்சிகளுக்கும் செய்கிறது.

அதனால் வரும் நட்டம் நம்முடையதும்தான். சுரையும் புடலையும் பொழுது சாய்ந்த பிறகு பூப்பவை. அவற்றைத் தேடி வருபவை அந்துப்பூச்சிகள். சுவிட்சர்லாந்தில் விளக்கு வைத்த புல்வெளிகளில், பூக்களுக்கு வரும் இரவுப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே கவனித்த ஒரு செடியில் காய்ப்பும் 13 சதவீதம் குறைந்தது. பகல் பூச்சிகளால் அதை ஈடுகட்ட முடியவில்லை. இங்கிலாந்தில் தெருவிளக்கடியில் இருந்த வேலிச்செடிகளில் அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதம் குறைவாக இருந்தன. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைவிட எல்இடி விளக்கின் வெள்ளை ஒளியே அதிகம் கெடுத்தது. பல்பை மாற்றுவது அதனால்தான்.

நம் ஊருக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. கடவூர் மலைக்காடுகளை உள்ளடக்கி, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022இல் அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்கு இரவில் பூச்சி தேடித் தின்று வாழும் பிராணி. காட்டோரத்துப் பூச்சிகளை நம் விளக்குகள் தீர்த்துவிட்டால் அது எதைத் தின்னும்?

இருட்டில் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. பாம்பு நடமாடும் ஊர் இது. பெண்பிள்ளைகள் வரும் பாதையில் விளக்கு கட்டாயம் வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்து விளக்கைப் படுக்கப் போகும்முன் அணையுங்கள். எரியவேண்டிய விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். அடுத்த முறை பல்பு வாங்கும்போது மஞ்சள் ஒளி பல்பாகக் கேட்டு வாங்குங்கள். தெருவிளக்குகளுக்கு மூடி போடும்படி ஊராட்சித் தலைவரிடம் மனு கொடுக்க இருக்கிறோம். கையெழுத்திட விரும்புவோர் அலுவலகத்துக்கு வரலாம்.

வரும் அமாவாசையன்று மாலை ஆறரை முதல் எட்டரை வரை ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் மைதானத்தில் இரண்டு வெள்ளைத் துணிகளைக் கட்டி, ஒன்றின்முன் வெள்ளை பல்பும் மற்றதன்முன் மஞ்சள் பல்பும் வைத்து, வரும் பூச்சிகளை எண்ணி எழுதுவார்கள். அறிவியல் ஆசிரியரும் நானும் உடனிருப்போம். பெற்றோரில் ஒருவராவது வந்து பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும். ஒப்புதல் சீட்டை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் பழைய வெள்ளை வேட்டி இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி