அந்த 7970-ஐத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவிக்குத் தடை உத்தரவு, அவ்வளவுதான்.

சரி, உன் பழைய கிராபிக்ஸ் கார்டை, அதாவது கம்ப்யூட்டரில் படம் வரையும் பலகையை, என்ன செய்வது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். அந்த ரேடியான் எச்டி 7970-ஐப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதே. 2012-இல் கடைக்கு வந்த கார்டு, புது கேம் எதற்கும் லாயக்கில்லை. ஆனால் நீ போடப்போவது கோள்களின் பாதைக் கணக்கு. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே 15 கோடி கிலோமீட்டர். அதை 32 பிட் புள்ளி எண்ணாக, அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களுக்குள் அடங்கும் எண்ணாக வைத்தால், அதற்கடுத்து எழுத முடிகிற எண் 16 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. பிசகு சேர்ந்து சேர்ந்து பூமி எங்கேயோ போய்விடும். உனக்கு இன்னும் நுணுக்கமான 64 பிட் வேண்டும்.

கேமுக்கு 64 பிட் தேவையில்லை என்று வீட்டுக் கார்டுகளில் அதைக் குறைத்துக்கொண்டே வந்துவிட்டார்கள். 2020-இல் வந்த என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டில் 64 பிட் வேகம் 32 பிட் வேகத்தில் 64-இல் ஒரு பங்கு. உன் பழசில் நாலில் ஒரு பங்கு. காகிதக் கணக்குப்படி 64 பிட்டில் 3090 நொடிக்குச் சுமார் 55,000 கோடி கணக்கு போடும், உன்னுடையது 94,000 கோடிக்கு மேல். எட்டு வருஷம் மூத்தது ஜெயிக்கிறது!

காலேஜ் லேபில் நாம் அடித்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? கார்டில் நேரடியாகக் கணக்குப் போட வைக்கும் என்விடியாவின் கூடா 2007-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் கார்டுக்குப் படம் வரைய மட்டும்தான் தெரியும், அதனால் கணக்கையே படமாக்கிக் கொடுத்தோம். 1024-க்கு 1024 டெக்ஸ்சரில், அதாவது கார்டில் இருக்கும் படக் கட்டத்தில், பத்து லட்சம் எண்களை அடைத்து, நீளம் அகலம் இரண்டும் பாதியான இன்னொரு டெக்ஸ்சரில் 'வரை' என்போம். ஷேடர் என்கிற குட்டி நிரல் ஒவ்வொரு பிக்சலுக்கும் (படப் புள்ளிக்கும்) நாலு எண்களைக் கூட்டி வைக்கும். மறுபடி பாதி, மறுபடி பாதி. பத்தாவது சுற்றில் ஒரே பிக்சல், அதுதான் கூட்டுத்தொகை. ஒரு பிக்சல் தன் இடத்தில் மட்டுமே எழுதலாம், பக்கத்து இடத்தில் கை வைக்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள் யோசித்துப் பழகியதால்தான் பின்னால் வந்தது எல்லாம் எனக்குச் சுலபமாகப் பட்டது.

உனக்கு அந்தத் தொல்லை இல்லை, 7970-க்கு, கூடா மாதிரியே கார்டில் கணக்குப் போட உதவும் ஓபன்சிஎல் உண்டு. சிக்கல் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில்தான். கார்டைச் செய்த ஏஎம்டி 2021-இலேயே இந்தத் தலைமுறையைப் பழைய கணக்கில் சேர்த்து, வழக்கமான டிரைவர் புதுப்பிப்பை நிறுத்திவிட்டது. விண்டோஸோடு மல்லுக்கட்டாமல் லினக்ஸ் போடு; அதில் கிடைக்கும் மேசா என்கிற இலவச டிரைவர் தொகுப்பின் ஓபன்சிஎல் பகுதியான ரஸ்டிகிள் வழியாக ஓடும். சாட்ஜிபிடி மாதிரி பேசும் ஏஐ மொழி மாதிரிகளை ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். நினைவகம் 3 ஜிபிதான், சின்னதாக ஏதாவது ஓட்டிப் பார்க்கலாம், ஆசை வைக்காதே.

அப்புறம் கரண்ட். முழு வேகத்தில் கார்டு மட்டுமே 250 வாட் இழுக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். உன் எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியில்) கார்டுக்கான எட்டு பின் இணைப்பு ஒன்றும் ஆறு பின் இணைப்பு ஒன்றும் வருகிறதா என்று முதலில் பார். ஃபேனைக் கழற்றித் தூசி தட்டு, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும், அதை மாற்று. அப்படியும் கிளம்பவில்லையென்றால் பஸ் பார்சலில் போட்டுவிடு, நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
ரவி