பழைய எனாமல் நகையைப் புதுசாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழங்கால எனாமல் நகைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் கடைசியில் கட்டம் போட்டு 'பராமரிப்புக் குறிப்புகள்' என்று கொடுத்திருந்தீர்களே, அதைப் படித்ததும் பகீரென்றது. வெந்நீரில் சோடா உப்பு போட்டு ஊற வையுங்கள், அல்ட்ராசானிக் தொட்டியில் (ஒலி அதிர்வால் அழுக்கெடுக்கும் தொட்டி) போட்டு எடுங்கள், பெயர்ந்த இடம் இருந்தால் வண்ணம் நிரப்பிப் பாலிஷ் போட்டுவிட்டால் புத்தம் புதுசாகிவிடும் என்று மூன்று யோசனை. மூன்றுமே அந்த நகைக்கு ஆகாதவை. நகை பழுது பார்ப்பதுதான் எனக்குத் தொழில். வயசாகிக் கெட்டுப்போன எனாமலைவிட, சரி செய்கிறேன் பேர்வழி என்று யாரோ கெடுத்துவைத்த எனாமல்தான் என்னிடம் அதிகம் வருகிறது.

கட்டுரையாளர் எனாமலை ஒரு வகை வண்ணப்பூச்சு என்கிற மாதிரி எழுதிவிட்டார், வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அது கண்ணாடி. நிறமேற்றிய கண்ணாடியைப் பொடித்து, தண்ணீரில் குழைத்து, உலோகத்தின் மேல் பரப்பி, சுமார் 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பார்கள். நீலத்துக்குக் கோபால்ட், ஒளி ஊடுருவாத வெள்ளைக்கு வெள்ளீய ஆக்சைடு, நல்ல சிவப்புக்குத் தங்கமே கூட. சூட்டில் உலோகம் விரிகிற அளவு வேறு, கண்ணாடி விரிகிற அளவு வேறு; இந்த இழுபறியில் தகடு வளைந்துவிடாமல் இருக்கத்தான் பல நகைகளில் பின்பக்கமும் ஒரு பூச்சு எனாமல் கொடுத்திருப்பார்கள். நூறு வருஷமாக அந்த இழுபறியைத் தாங்கிக்கொண்டிருக்கிற நகையை வெந்நீரில் போடுவது, சில்லென்று இருக்கிற கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவது மாதிரிதான். உடனே உடைய வேண்டும் என்றுகூட இல்லை. மயிரிழை விரிசல் விழும், அதில் சோப்புத் தண்ணீரும் அழுக்கும் இறங்கும், ரொம்ப நாள் கழித்து ஒரு செதில் கழன்று விழும்போது எதனால் என்று யாருக்கும் நினைவிருக்காது. அல்ட்ராசானிக் தொட்டி இன்னும் மோசம். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அந்த அதிர்வு செதிலையே கழற்றிவிடும். அமிலம் கலந்த எதுவும் வேண்டாம், சில நிறங்கள் அதில் பளபளப்பை இழந்து வெளுத்துப்போகும். லேசாக ஈரமாக்கிய மெல்லிய துணி, அப்புறம் உடனே உலர்ந்த துணி, அவ்வளவுதான் சுத்தம் செய்வது.

சரி, மூன்றாவது யோசனைக்கு வருகிறேன், நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

உங்கள் கட்டுரையில் இருந்த அந்த வெளிர்நீல வட்டப் புரோச் (உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது கியோஷே வேலை. முதலில் வெள்ளித் தகட்டில் ஒரு கடைசல் எந்திரத்தை வைத்து நடுவிலிருந்து கதிர் விரிகிற மாதிரி நெருக்கமாகக் கோடு வெட்டுவார்கள், அதன் மேல் ஒளி ஊடுருவும் எனாமலைப் பல பூச்சாக ஏற்றி ஒவ்வொரு பூச்சுக்கும் உலையில் வைத்து எடுப்பார்கள். நகையை அசைத்தால் உள்ளே வெளிச்சம் ஓடுவது அந்தக் கோடுகளால்தான். ரஷ்யாவின் பேர்பெற்ற ஃபேபர்ஜே நகைப் பட்டறை இந்த வேலையில் 140-க்கும் மேற்பட்ட நிறங்களை வைத்திருந்தது என்பார்கள். (அதற்காகக் கோடு வெட்டிய எனாமலையெல்லாம் 'ஃபேபர்ஜே பாணி' என்று எழுதியிருக்க வேண்டாம். இந்த வேலையை ஐரோப்பா முழுக்கச் செய்தார்கள். நார்வேயில் 1876-இல் தொடங்கிய டேவிட்-ஆண்டர்சன் நிறுவனம் ஒன்றே இலை, பட்டாம்பூச்சி என்று எத்தனையோ எனாமல் புரோச்சுகளைச் செய்திருக்கிறது.)

இப்படி ஒரு புரோச்சின் ஓரத்தில் அரிசி முனை அளவு செதில் போயிருக்கிறது என்று வையுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் (நகைக்காரர் உருப்பெருக்கி) பார்த்தால் உடைந்த இடத்தின் விளிம்பு கூராக, பளபளவென்று, சங்கு உடைந்த மாதிரி வளைந்திருக்கும். குழிக்குள்ளே பழைய ஆள் வெட்டிய வெள்ளிக் கோடு அப்படியே தெரியும். எனாமல் எவ்வளவு கனம், எத்தனை பூச்சு என்பதையெல்லாம் அந்த உடைசலிலேயே படித்துவிடலாம். இப்போது அதில் கட்டுரை சொன்ன மாதிரி வண்ணம், அதாவது நிறமேற்றிய ரெசினை (செயற்கைப் பிசின்) நிரப்பினால் என்ன ஆகிறது? இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். லூப்பை வைத்தால் நிரப்பிய இடத்தில் வெளிச்சம் ஓடாமல் செத்துக் கிடக்கும், குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழி இருக்கும், ரெசின் விளிம்பைத் தாண்டி நல்ல எனாமல் மேலேயும் வழிந்திருக்கும். அதைச் சமப்படுத்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார்கள், அதில் சுற்றியிருந்த நல்ல கண்ணாடியின் மேல்தோலும் போயிருக்கும். புற ஊதா விளக்கில் காட்டினால் பெரும்பாலும் அந்த இடம் மட்டும் தனியாக ஒளிரும். சில வருஷத்தில் மஞ்சளாகிவிடும். ஒரு சின்னக் குறை இருந்த நகையை, எங்கே எவ்வளவு குறை என்று சொல்லவே முடியாத நகையாக ஆக்கிவிட்டோம்.

அப்படியென்றால் ரெசின் வேண்டாம், நிஜ எனாமலையே வைத்து உலையில் சுட்டுவிடலாமே என்று கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பழைய எனாமலில் ஈயம் அதிகம், இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஈயம் இல்லாதது. இரண்டும் உருகுகிற சூடு வேறு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டாமல் வெடிக்கும். முழு நகையையும் உலைக்குள் அனுப்பினால்தான் ஒரு செதிலைச் சரி செய்ய முடியும் என்பது அடுத்த தலைவலி. ஜெய்ப்பூர் எனாமல் வேலையான மீனாகாரியையே பாருங்கள், அதிகச் சூடு தாங்கும் நிறத்தை முதலில் சுட்டு, கடைசியில்தான் சிவப்பை வைப்பார்கள். முதலில் சுட்ட ஒரு நிறத்தில் செதில் போனது என்று மறுபடி அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் சிவப்பு என்ன கதி ஆகும்? இது போதாதென்று, முன்னால் யாராவது ஊசிக் கொக்கியை ஈயப் பற்று வைத்து ஒட்டியிருந்தால் கதை முடிந்தது. அந்தச் சூட்டில் ஈயம் வெள்ளிக்குள் இறங்கித் தகட்டையே அரித்து ஓட்டை போட்டுவிடும். பின்தகடே இல்லாமல் ஜன்னல் கண்ணாடி மாதிரி வெளிச்சம் புகும் எனாமல் இருக்கிறதே, லிஸ்பனில் குல்பென்கியான் அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரெஞ்சு நகைக் கலைஞர் லாலிக்கின் 'தும்பிப் பெண்' நகையின் இறக்கை வேலை, அதில் ஒரு சின்னக் கட்டம் உடைந்தால் உலைப் பக்கமே போகாமல் இருப்பதுதான் நல்லது.

மோதிர அளவு மாற்றுவது பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை, அதையும் எழுதியிருக்கலாம். இங்கிலாந்தில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இறந்தவரின் நினைவாக மோதிரம் செய்வார்கள். கறுப்பு எனாமல் பட்டையில் இறந்தவர் பெயர், தேதி, வயது எல்லாம் தங்க எழுத்தாகச் சுற்றி ஓடும். கல்யாணம் ஆகாதவர், குழந்தை என்றால் பெரும்பாலும் வெள்ளை எனாமல். இந்த மாதிரி மோதிரத்தை விரலுக்குச் சேரவில்லை என்று ஒரு பட்டறையில் கொடுத்து, அவர்கள் கீழ்ப்பக்கம் வெட்டி ஒரு துண்டு தங்கம் சேர்த்துத் தீயில் ஊதிப் பற்றவைத்து, பிறகு என்னிடம் வந்தது. இரண்டு பக்கமும் எனாமல் கருகி உதிர்ந்து, வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம் காணோம். யாருடைய சாவு, எப்போது என்பதைச் சொல்லத்தான் அந்த மோதிரத்தையே செய்தார்கள். அளவு சேராவிட்டால் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

பாலிஷ் விஷயமும் அப்படித்தான். முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைத் தேய்க்காதீர்கள். பிரெஞ்சுத் தங்கத்தில் 1838 முதல் இருக்கும் கழுகுத் தலை முத்திரை, பிரிட்டிஷ் நகையில் வருஷத்தைக் காட்டும் எழுத்து, செய்தவர் பெயரின் முதலெழுத்துகள் எல்லாம் அங்கேதான், கடுகை விடச் சின்னதாக. பாலிஷ் சக்கரத்தில் ஒரு சுற்று அழுத்திப் பிடித்தால் போதும், நகைக்கு ஊர் பேர் தெரியாமல் போய்விடும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், உலை ஏறாத எனாமல் எல்லாமே பிற்காலத்து ஒட்டுவேலை என்று நான் சொல்லவில்லை. 1930, 40-களில் வந்த பூ, பறவை வடிவ ஃபேன்சி புரோச்சுகள் பலவற்றில் ஆரம்பத்திலேயே சூடில்லாத பூச்சுதான். அது நிஜமாகவே பெயின்ட் மாதிரி உரியும், ஸ்பிரிட் பட்டால் கரையும், அதற்கு ஈரத்துணி கூட யோசித்துத்தான். ரெசினும் தீண்டத்தகாத பொருள் ஒன்றும் இல்லை. அருங்காட்சியகங்களில் ஆடுகிற செதிலைப் பிடித்து நிறுத்த பாரலாய்ட் பி-72 போன்ற ஒரு ரெசினை வைப்பார்கள். அசிட்டோனில் கரைத்து எடுத்துவிடலாம், எங்கே வைத்தோம் என்று படத்தோடு எழுதியும் வைப்பார்கள். விளிம்பு கூராகி உடையைக் கிழிக்கிறது, பக்கத்துச் செதிலும் ஆடுகிறது என்றால் அப்படி ஒரு கை பார்ப்பதில் தப்பே இல்லை. நிரப்பியதை மறைத்து, 'பழுதே இல்லை' என்று விற்பதைத்தான் நான் சொல்கிறேன். வாங்குகிறவர்களும் 'எங்காவது நிரப்பியிருக்கிறதா, மறுபடி சுட்டிருக்கிறதா' என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நியாயமாக விற்கிறவர் எழுதித் தருவார்.

அடுத்த ஞாயிறு அந்தக் கட்டத்தைத் திருத்திப் போடுங்கள். சோடா உப்பும் அல்ட்ராசானிக்கும் வேண்டாம் என்ற ஒரு வரியாவது முதலில் வந்தால் நல்லது, ஏனென்றால் வாசகர்கள் விடுமுறை நாளில்தான் இந்த மாதிரி வேலையில் இறங்குவார்கள்.

இப்படிக்கு,
நகை பழுது பார்க்கும் ஒரு வாசகர்